ஐந்து கால் ஆட்டுக்குட்டி

எங்கள் பள்ளியின் நுழைவாயில் சுவரில் 100 ஆடுகள் இருக்கின்றன. 99 ஆடுகள் மண்ணில் நிற்கின்றன, படுத்திருக்கின்றன, ஒன்றிரண்டு ஏதோ கோபத்தில் முதுகைக் காட்டிக்கொண்டிருக்கின்றன. நூறாவது ஆடு ஆயனின் தோளில் இருக்கிறது. அதற்கு ஐந்து கால்கள். பள்ளிக்கு முதன்முறை வருகிறவர்கள் அந்தச் சுவரின் முன் நின்று விரலை நீட்டி எண்ணுவதை ஓவிய அறையின் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருப்பேன். எண்ணி முடித்ததும் இன்னொரு முறை எண்ணுவார்கள்.

நான் அங்கே ஓவிய ஆசிரியை. அந்த ஐந்தாவது காலை ஒருமுறை அழித்தவளும் நான்தான். அந்தக் கதையைச் சொல்ல வேண்டுமென்றால் அதற்கு முந்தைய சுவரிலிருந்து தொடங்க வேண்டும்.

வேலைக்குச் சேர்ந்த புதிதில் பள்ளிக்குள் ஒரு சுவரைக் கொடுத்து, "மாணவர்களை வைத்து ஏதாவது செய்யுங்கள்" என்றார்கள். எனக்கோ என்னை நிரூபித்துக்கொள்ள வேண்டிய வயது. ஒரு வாரம் உட்கார்ந்து நானே முழுப் படத்தையும் வரைந்தேன். நடுவில் அன்னை மரியா, சுற்றிலும் லீலிப் பூக்கள், மேலே புறா வடிவில் தூய ஆவி. சுவரில் கட்டம் போட்டுப் பெரிதாக்கி, கருப்புக் கோட்டால் எல்லை கட்டி, ஒவ்வொரு பூவுக்குள்ளும் ஓர் எண் எழுதினேன். 1 என்றால் மஞ்சள், 2 என்றால் வெள்ளை. பிள்ளைகள் வரிசையில் வந்து, ஆளுக்கொரு பூவை நிரப்பிவிட்டு, வரிசையில் போனார்கள். வண்ணம் வெளியே வழிந்த இடங்களை மாலையில் நான் சரிசெய்தேன். படத்தின் கீழே "மாணவர் கைவண்ணம்" என்று அழகான எழுத்தில் எழுதியதும் நான்தான்.

எல்லோரும் பாராட்டினார்கள். ஆண்டு மலரின் அட்டையில் வந்தது. ஆனால் அந்தச் சுவரின் முன் எந்தப் பிள்ளையும் நின்று நான் பார்த்ததில்லை. புதிய பூச்சு நன்றாகக் காய்வதற்கு முன்பே வண்ணம் அடித்துவிட்டோம். சிமெண்டுப் பூச்சுக்குக் குறைந்தது நான்கு வாரமாவது கொடுக்க வேண்டும் என்பது அப்போது எனக்குத் தெரியாது. மூன்று ஆண்டுகளில் உப்புப் பூத்து, மாதாவின் நீல மேலாடை செதில் செதிலாக உதிர்ந்தது. ஒரு விடுமுறையில் ஆள் வைத்து வெள்ளையடித்தார்கள். பள்ளி திறந்த அன்று "எங்கே டீச்சர் அந்தப் படம்?" என்று ஒரு குரலாவது வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. சுவரை இழந்தது நான் மட்டும்தான்.

அதனால் பள்ளியின் ஆண்டு விழாவுக்காக நுழைவாயில் சுவரில் வரையச் சொன்னபோது கொஞ்சம் பயந்தேன். இந்த முறை ஒரு குழுவே இருந்தது. குழு என்றால் என்ன நடக்கும் என்பது உங்களுக்கே தெரியும். நம் பள்ளி கத்தோலிக்கப் பள்ளி, அது பார்த்ததும் தெரிய வேண்டும் என்று ஒருவர் ஆரம்பித்தார். சிலுவை வேண்டும். சபையின் நிறுவனர் வேண்டும். பாதுகாவலரான புனிதர் வேண்டும். பள்ளிச் சின்னம், விருதுவாக்கு, திறந்த விவிலியம், எரியும் விளக்கு, உலக உருண்டை. கடைசியில் ஒருவர், "கம்ப்யூட்டரும் ஒன்று இருக்கட்டும், நாம் பின்தங்கியவர்கள் இல்லை என்று தெரியட்டும்" என்றார். நான் குறிப்பேட்டில் எல்லாவற்றையும் எழுதிக்கொண்டேன். பதினேழு பொருள்கள். கல்யாணப் பத்திரிகையில்கூட இவ்வளவு கிடையாது.

எங்கள் தலைமை ஆசிரியையான சிஸ்டர் அதுவரை பேசவில்லை. பிறகு, 1988-இல் வத்திக்கானின் கத்தோலிக்கக் கல்விப் பேராயம் வெளியிட்ட ஆவணத்திலிருந்து ஒரு கருத்தைச் சொன்னார். கத்தோலிக்கப் பள்ளிக்குள் காலடி வைக்கும் நொடியிலேயே, நம்பிக்கையின் ஒளி படர்ந்த ஒரு புதிய சூழலுக்குள் வந்திருக்கிறோம் என்று மாணவருக்குத் தோன்ற வேண்டும் என்பதுதான் அது. "காலடி வைக்கிற பிள்ளையைப் பற்றிச் சொல்கிறார்கள். நாம் இவ்வளவு நேரமும் ஆய்வுக்கு வருகிறவரைப் பற்றிப் பேசிக்கொண்டிருக்கிறோம்" என்றார். அதன்பின் கம்ப்யூட்டர் பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

அன்றிரவு நான் உலகெங்கும் உள்ள கத்தோலிக்க ஆயர்கள் கூடிய இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் கல்வி பற்றிய அறிக்கையைத் தேடிப் படித்தேன். 1965 அக்டோபர் மாதத்தது. கத்தோலிக்கப் பள்ளியைத் தனித்துக் காட்டுவது எது என்று பேசும் இடத்தில், நற்செய்தியின் உணர்வான சுதந்திரமும் அன்பும் உயிரூட்டும் ஒரு சூழலைப் பள்ளிச் சமூகத்துக்குள் உருவாக்குவது என்கிறது. பிற பள்ளிகளைப் போலவே பண்பாட்டையும் இளையோரின் வளர்ச்சியையும் நாடினாலும், இதுதான் அதற்கே உரியது என்கிறது. சுதந்திரமும் அன்பும். இந்த இரண்டையும் எண் போட்டு வண்ணம் நிரப்ப வைத்துக் காட்ட முடியுமா என்று யோசித்தேன். என் பழைய சுவர் பார்க்கக் கத்தோலிக்கமாக இருந்தது, உண்டான விதத்தில் அப்படி இல்லை. அதில் ஒரு பிள்ளைக்கும் சுதந்திரம் இல்லை. அன்பு என்று சொல்வதற்கும், மாலையில் அவர்கள் கோட்டை நான் திருத்திய விதத்தைப் பார்த்தால், எனக்கு வாய் வரவில்லை.

சரி, என்ன வரைவது? இதைப் பிள்ளைகளிடமே விடுவது என்று முடிவு செய்தோம். ஆனால் "கத்தோலிக்கப் பள்ளியின் அடையாளம் எது?" என்று கேட்டால் மறைக்கல்விப் புத்தகத்தில் உள்ள பதில்தான் வரும். அதனால் கேள்வியை மாற்றினேன்: "நாளைக்கு முதல்முறையாக இந்தப் பள்ளிக்கு வரப்போகிற பிள்ளைக்கு ஒரே ஒரு விஷயம் சொல்லலாம். என்ன சொல்வீர்கள்?"

பெரிய வகுப்புகள் புத்திசாலித்தனமாக எழுதின. சின்ன வகுப்புகளின் தாள்களைப் பார்த்தபோதுதான் எனக்கு ஏதோ பிடிபட்டது. திரும்பத் திரும்ப ஒரே விஷயம். "வகுப்பு தெரியலைன்னா அழாதே." "நான் முதல் நாள் தொலைஞ்சு போயிட்டேன்." "மாடிப்படிக்குக் கீழ நில்லு, சிஸ்டர் வந்து கூட்டிட்டுப் போவாங்க." பெரியவர்களுக்கு அது நாலு மாடிக் கட்டடம். ஐந்து வயதுக்கு அது காடு. மறைக்கல்வி எடுக்கும் ஆசிரியை அந்தத் தாள்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, "இது லூக்கா 15" என்றார். 100 ஆடு வைத்திருந்தவர், ஒன்று காணாமல் போனதும் 99-ஐ விட்டுவிட்டு அதைத் தேடிப் போகிற கதை. கண்டுபிடித்ததும் தோள்மேல் போட்டுக்கொண்டு வருவார்.

அந்த உருவம் ஒன்றும் புதியதல்ல. சிலுவையைக் கிறிஸ்தவர்கள் வெளிப்படையாக வரையத் தொடங்குவதற்கு முன்பே, உரோமையின் நிலத்தடிக் கல்லறைகளில் ஆட்டைத் தோளில் சுமக்கும் இளைஞனை வரைந்துவிட்டார்கள். பிரிசில்லா கல்லறையில் உள்ள மூன்றாம் நூற்றாண்டு ஓவியத்தில் அவர் தோளில் இருப்பது செம்மறிகூட இல்லை, வெள்ளாடு. மத்தேயு நற்செய்தியில் தீர்ப்பு நாளில் இடப்பக்கம் நிறுத்தப்படும் அதே வெள்ளாடு. வரைந்தவர் யோசித்துச் செய்தாரா, கை போன போக்கில் செய்தாரா, யாருக்குத் தெரியும். எனக்கு அந்த வெள்ளாட்டின் மேல் தனிப் பிரியம். இத்தாலியின் ரவென்னாவில் உள்ள கல்லா பிளாசிடியா நினைவாலயத்தில், ஐந்தாம் நூற்றாண்டு மொசைக்கில், நல்ல ஆயன் ஆறு ஆடுகளுக்கு நடுவில் உட்கார்ந்து ஒன்றின் தாடையைத் தடவிக்கொண்டிருப்பார். பொன்னாடை உடுத்தி அரசர் மாதிரி இருந்தாலும் அந்தக் கை மட்டும் மேய்ப்பனின் கை. இவற்றின் படங்களை வகுப்பில் சுவரில் ஒட்டி வைத்தேன். பார்த்து வரைய அல்ல. இதை எத்தனை விதமாகச் செய்யலாம் என்று காட்டத்தான்.

ஒன்பதாம் வகுப்புப் பிள்ளைகள் நற்செய்தியை என்னைவிடக் கவனமாகப் படித்தார்கள். "டீச்சர், பச்சைப் புல்வெளி போடக்கூடாது. 99 ஆட்டையும் பாலை நிலத்திலதான் விட்டுட்டுப் போறார்" என்றாள் ஒரு பெண். எடுத்துப் பார்த்தேன், அப்படித்தான் இருந்தது. இத்தனை ஆண்டுகளாகக் காலண்டர் படங்களைப் பார்த்துப் பார்த்துப் புல்தரையை நானே சேர்த்துக்கொண்டிருக்கிறேன். அந்த ஒரு கண்டுபிடிப்பு எங்கள் வண்ணங்களையும் முடிவு செய்தது: காவி, மண் மஞ்சள், வெள்ளை, வானத்துக்கு ஒரு நீலம். நிழல்களுக்கு நீலத்தையும் காவியையும் கலந்துகொள்ளலாம். கருப்பு டப்பாவை நான் பூட்டி வைத்துவிட்டேன்.

பல கைகள் வரையும் படம் சிதறிப்போகாமல் இருக்க வேண்டும் என்றால் ஆசிரியர் எங்கே தலையிட வேண்டும் என்பதில் இப்போது எனக்கு ஒரு தெளிவு இருக்கிறது. வண்ணங்களை நான் குறைக்கலாம். ஆடு எவ்வளவு பெரிது என்று அளவு சொல்லலாம். வெளிச்சம் இடப்பக்கத்திலிருந்து வருகிறது என்று சொல்லிவிடலாம். சுவரில் நூல் பிடித்து எந்த ஆடு எந்த வரிசையில் என்று பிரிக்கலாம். இவ்வளவும் போதும். ஆட்டின் மூஞ்சி எப்படி இருக்கும் என்பதில் மூக்கை நுழைக்கக் கூடாது. மத்திய காலத்துக் கண்ணாடிச் சன்னல்களில் நூற்றுக்கணக்கான துண்டுகளை ஈயப் பட்டைதான் பிடித்து நிறுத்துகிறது. ஈயத்தின் வேலை அவ்வளவுதான். நிறத்தைக் கண்ணாடி பார்த்துக்கொள்ளும்.

ஆயனின் முகம் பெரிய தலைவலியானது. அவருக்கு எந்த நிறம், எந்த மூக்கு, தாடி உண்டா? ஒரு பையன் செபமாலைப் பையில் வைத்திருந்த படத்தைப் பார்த்து நீலக் கண்களோடு ஒன்று வரைந்தான். "இவர் யார் மாதிரியும் இல்லையே" என்றாள் பக்கத்தில் இருந்தவள். இரண்டு வாரம் இதே பேச்சு. கடைசியில் யாரோ ஒருவர், அவர் நம்மைப் பார்க்க வேண்டிய அவசியமே இல்லையே, ஆட்டைத்தானே பார்த்துக்கொண்டிருப்பார் என்றார். அப்படியே வரைந்தார்கள். தலை தோளை நோக்கித் திரும்பியிருக்கிறது. நமக்குத் தெரிவது ஒரு காது, கன்னத்தின் ஓரம், கொஞ்சம் முடி. எங்கள் சுவரில் எனக்கு மிகவும் பிடித்த பகுதி அதுதான். அதில் என் யோசனை ஒரு துளியும் இல்லை.

எங்கள் பள்ளியில் கத்தோலிக்கர் அல்லாத பிள்ளைகள் நிறைய. பல கத்தோலிக்கப் பள்ளிகளில் இப்படித்தான். ஏழாம் வகுப்புப் பெண் ஒருத்தி இடைவேளையில் வந்து மெதுவாகக் கேட்டாள், "மிஸ், இது சாமி படம். நான் கிறிஸ்டியன் இல்லையே, நான் தொடலாமா?" அவள் கேட்டது எனக்கு வலித்தது. இத்தனை வருடம் எங்களோடு இருந்தும் அவளுக்கு இப்படி ஒரு சந்தேகம் இருந்திருக்கிறது. தொடலாம் என்றேன். அவள் வரைந்த ஆடு காதை விடைத்துக்கொண்டு வாசலையே பார்த்துக்கொண்டிருக்கிறது. இன்னொரு பையன், உயிர்களின் உருவம் வரைவது தன் வீட்டில் வழக்கமில்லை என்றான். தயங்காமல் சொன்னான், எனக்கு அது பிடித்தது. அவனிடம் தரையைக் கொடுத்தோம். பாலை நிலத்தின் கற்கள் முழுவதும் அவன் பொறுப்பு. அவன் வேறு ஐந்து பேரைச் சேர்த்துக்கொண்டு, ஒரு கல்லைப் போல இன்னொரு கல் இல்லாமல் பார்த்துக்கொண்டான்.

இந்தச் சமயத்தில் குழுவில் ஒருவர் நல்ல எண்ணத்தோடுதான் சொன்னார்: யோவான் நற்செய்தியில் "இக்கொட்டிலைச் சேரா வேறு ஆடுகளும் எனக்கு உள்ளன" என்று வருகிறதே, அதைப் பெரிதாக எழுதலாமே, எல்லோரையும் ஏற்றுக்கொள்கிறோம் என்று தெரியுமே. நான் ஒத்துக்கொள்ளவில்லை. வசனத்தில் எனக்கு ஒரு சண்டையும் இல்லை. ஆனால் அந்த ஏழாம் வகுப்புப் பெண் தினமும் காலையில் அந்தச் சுவரைத் தாண்டித்தான் வருவாள். தான் வரைந்த சுவரிலேயே தன்னை "வேறு ஆடு" என்று எழுதியிருப்பதைப் படித்துக்கொண்டே உள்ளே வருவதா? வரவேற்கிறோம் என்று எழுதி ஒட்டினால் ஒட்டிய இடத்தில் ஒரு கோடு விழுந்துவிடுகிறது, இந்தப் பக்கம் நாங்கள், அந்தப் பக்கம் நீங்கள் என்று. கடைசியில் சுவரில் எந்த எழுத்தும் வேண்டாம் என்று ஆனது. 600-ஆம் ஆண்டு வாக்கில் பிரான்சின் மார்சேய் நகர ஆயர் (பிஷப்) செரேனுஸ் தன் கோயிலில் இருந்த படங்களை உடைத்துப் போட்டதைக் கேள்விப்பட்டுத் திருத்தந்தை (போப்) பெரிய கிரகோரி அவருக்கு எழுதிய கடிதத்தில், படிக்கத் தெரியாதவர்கள் சுவரைப் பார்த்தாவது படித்துக்கொள்ளட்டும் என்றார். எங்கள் பிள்ளைகள் எல்லோருக்கும் படிக்கத் தெரியும். இருந்தாலும் அவர்களுக்கும் எழுத்தில்லாத சுவர் ஒன்று இருந்துவிட்டுப் போகட்டும்.

இனி அந்த நூறாவது ஆடு. மாணவர் எண்ணிக்கை 100-ஐவிடப் பல மடங்கு என்பதால் ஓர் ஆட்டுக்கு ஐந்தாறு கைகள் என்று பிரித்திருந்தோம். தோளில் இருக்கும் ஆட்டை யார் வரைவது என்று கேட்டதும் எல்லா வகுப்பும் கையைத் தூக்கியது. "அதுதான் தொலைந்து போன ஆடு" என்றதும் பாதிக் கைகள் இறங்கின. சிரிப்பாக இருந்தது. அப்புறம் சின்னவர்கள்தானே இந்தக் கதையைச் சொன்னவர்கள் என்று முதலாம் வகுப்புக்கே கொடுத்தோம். ஆறு பிள்ளைகள் சாரத்தின் கீழ்ப்பலகையில் ஒரு பெரியவர் பிடித்துக்கொள்ள, முறை போட்டு வரைந்தார்கள். உடம்பை ஒருத்தி, தலையை ஒருவன், கால்களை இன்னொருவன். கால் வரைந்தவன் பேசவே பேசாதவன். வரைந்துவிட்டு இறங்கிப் போய்விட்டான். அவன் போன பிறகுதான் எண்ணினேன்.

ஆட்டின் நெஞ்சிலிருந்து ஒரு கால் கூடுதலாகக் காற்றில் நீண்டிருந்தது. அதுவும் எங்கே? சுவரின் நடுவில், ஆயனின் முகத்துக்குப் பக்கத்தில். பள்ளிக்குள் நுழைகிற எவர் கண்ணும் முதலில் விழும் இடத்தில்.

நான் செய்ததை மறைக்க விரும்பவில்லை. மாலை எல்லோரும் போன பிறகு, வான நீலத்தைக் கொஞ்சம் குழைத்து எடுத்துக்கொண்டு ஏறினேன். இரண்டு நிமிடம்கூட ஆகவில்லை. அந்தப் பையனை மற்றவர்கள் கேலி செய்துவிடக் கூடாதே என்றுதான் செய்கிறேன் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். உண்மை என்னவென்றால், வருகிறவர்கள் ஓவிய ஆசிரியையைப் பற்றி என்ன நினைப்பார்கள் என்றுதான் யோசித்தேன். ஆண்டு பத்துக்கு மேல் ஆகியும் பழைய சுவர்க்காரி எனக்குள் அப்படியே இருந்தாள்.

மறுநாள் காலை மணியடிப்பதற்கு முன்பே அவன் சுவரின் கீழ் நின்றிருந்தான். நான் வருவதைப் பார்த்ததும் சொன்னான், "டீச்சர், அது ஓடுற கால்."

"என்னப்பா?"

"தொலைஞ்சப்ப ஓடிச்சுல்ல. அவரு தூக்கிட்டாரு. ஆனா அதுக்குத் தெரியல. ஒரு கால் இன்னும் ஓடிட்டே இருக்கு."

அசீரிய அரண்மனைகளின் வாசலில் காவலுக்கு நிறுத்திய சிற்பங்கள் உண்டு. மனிதத் தலை, காளை உடல், பெரிய சிறகுகள். கிட்டத்தட்ட 2700 ஆண்டுகளுக்கு முந்தைய வேலை. அவற்றில் பலவற்றுக்கு ஐந்து கால்கள். முன்னால் நின்று பார்த்தால் அசையாமல் நிற்கும், பக்கவாட்டில் போய்ப் பார்த்தால் நடந்துகொண்டிருக்கும். ஒரே கல்லில் நிற்பதையும் நடப்பதையும் காட்ட அந்தச் சிற்பிகள் கண்ட வழி அது. ஓவிய வரலாறு நடத்தும்போது ஒவ்வோர் ஆண்டும் இதை ஆச்சரியமாகச் சொல்வேன். முந்தின நாள் மாலை சாரத்தில் நின்றபோது இது என் ஞாபகத்துக்கு வரவே இல்லை.

அவனிடம் மன்னிப்புக் கேட்டேன். ஆறு வயதுப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்பது எனக்குப் பழக்கமில்லாத வேலை. தடுமாறித்தான் கேட்டேன். அவன் அதைப் பெரிதாக எடுத்துக்கொண்ட மாதிரி தெரியவில்லை. பிரஷ் எங்கே என்று கேட்டான். அவன் மேலே வெள்ளையை மெல்லிசாகப் பூசியபோது நான் அடித்த நீலம் அடியிலிருந்து தெரிந்து அந்தக் கால் மட்டும் லேசான சாம்பல் நீலமாக வந்துவிட்டது. மற்ற நான்கும் பால் வெள்ளை. திருத்தட்டுமா என்று நான் கேட்கவில்லை.

திறப்பு விழாவில் பங்குத்தந்தை தீர்த்தம் தெளித்து மந்திரித்தார். தெளித்துக்கொண்டே போனவர் நடுவில் நின்று அண்ணாந்து பார்த்தார். உதடு அசைந்தது, எண்ணுகிறார் என்று தெரிந்தது. சிஸ்டர் என்னைப் பார்த்தார், நான் தரையைப் பார்த்தேன். பங்குத்தந்தை ஒன்றும் கேட்காமல் அந்த இடத்தில் இன்னும் கொஞ்சம் தீர்த்தம் தெளித்துவிட்டு நகர்ந்தார். அந்தக் கால் பரிகாரம் தேவைப்படுகிற குறை என்று நினைத்தாரோ என்னவோ.

பெயர்களைப் பற்றிச் சொல்ல மறந்துவிட்டேன். கீழே பலகை வைத்து எல்லோர் பெயரும் எழுத இடமில்லை. கற்களுக்குப் பொறுப்பாக இருந்த பையன்தான் வழி சொன்னான். வரைந்த பிள்ளைகள் ஒவ்வொருவரும் தரையில் ஒரு கல்லின் நிழலுக்குள், காவியில் கொஞ்சம் அடர்ந்த காவியால், தன் முதலெழுத்தை எழுதிக்கொண்டார்கள். நின்று பார்த்தால் தெரியாது. மண்டியிட்டு உட்கார்ந்து பார்த்தால் தெரியும். வகுப்பு முடிந்து வண்டிக்காகக் காத்திருக்கும் பிள்ளைகள் அங்கே மண்டியிட்டுத் தேடுவதைப் பார்த்துப் புதிதாக வந்த ஆசிரியர் ஒருவர், "இவ்வளவு பக்தியா!" என்று வியந்தார். நான் விளக்கம் சொல்லவில்லை.

இப்போது வெளிப்புற அக்ரிலிக்தான் அடித்திருக்கிறோம், பூச்சும் நன்றாகக் காய்ந்த பிறகே தொடங்கினோம். ஆனாலும் மேற்கு வெயில் நேராக அடிக்கும் சுவர். வானம் கொஞ்சம் வெளுத்திருக்கிறது, வலது ஓரத்தில் ஏழெட்டு ஆடுகள் மங்கிவிட்டன. அடுத்த விடுமுறையில் மேலே ஒரு பூச்சுக் கொடுக்க வேண்டும் என்று பேச்சு நடக்கிறது. அப்படியே பழையதன் மேல் வரைவதா, இப்போதிருக்கும் பிள்ளைகளே புதிதாக 100 ஆடு போடுவதா என்று முடிவாகவில்லை. விஷயம் எப்படியோ வெளியே கசிந்து, நேற்று மூன்றாம் வகுப்பிலிருந்து இரண்டு பேர் ஓவிய அறை வாசலில் வந்து நின்றார்கள். ஓடுகிற காலை யார் வரைவது என்று அவர்களுக்குள் ஏற்கெனவே சண்டை.